இலையால் நீர் குடிக்கும் செடிகள்: புரோமிலியாடு வளர்ப்பும் சேகரிப்பும்

அன்னாசிப் பழத்தின் தோலில் தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம். தண்டைச் சுற்றி நெருங்கிப் பூக்கும் நூற்றுக்கு மேற்பட்ட பூக்களின் சூற்பைகள் பருத்து, ஒன்றோடொன்றும் நடுத்தண்டோடும் ஒட்டிப்போய் ஒரே பழமாகின்றன. பழத்தின் தலையில் கொண்டை, செடியின் அடியில் பக்கக் கன்றுகள், வட்டமாக அடுக்கிய முள்விளிம்பு இலைகள். கொல்லிமலையிலோ கன்னியாகுமரி மாவட்டத்திலோ அன்னாசித் தோட்டத்தைப் பார்த்தவர்கள் புரோமிலியேசியே குடும்பத்தின் முக்கிய அடையாளங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அக்குடும்பத்தில் ஏறத்தாழ 3,700 சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் உலகம் முழுவதும் உணவுப் பயிராகப் பரவியது அன்னாசி ஒன்றுதான். மற்றவற்றில் பல நூறு, அழகுச் செடிகளாகக் கண்ணாடிக் குடில்களிலும் மாடித் தோட்டங்களிலும் இடம்பிடித்திருக்கின்றன. இவற்றைப் பொதுவாகப் புரோமிலியாடு என்பார்கள்.

இக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். வடக்கே வர்ஜீனியா முதல் தெற்கே அர்ஜென்டினா, சிலி வரையிலும், கடலோர மணல்மேடு முதல் ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டரைத் தாண்டிய புல்வெளி வரையிலும் இவை வளர்கின்றன. ஒரே ஒரு சிற்றினம் மட்டும் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா நாட்டுப் பாறைகளில் இருக்கிறது. பிட்கேர்னியா ஃபெலிசியானா என்ற அச்செடியை 1937இல் கண்டவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜாக்-ஃபெலிக்ஸ். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஒன்றாக இருந்த காலத்தின் எச்சம் அது என்று நினைக்கத் தோன்றும். மரபணு ஆய்வுகளோ, இரு கண்டங்களும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் கழித்து, சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது கடல் கடந்திருக்கும் என்று காட்டுகின்றன. குடும்பம் முழுவதும் தோன்றிய இடமாகக் கருதப்படுவது தென் அமெரிக்காவின் வடக்கிலுள்ள கயானா மேட்டுநிலம். சத்து வற்றிய மணற்கல் பாறைகள் நிறைந்த அந்த நிலத்திலிருந்து இச்செடிகள் மரக்கிளைகளுக்கும் மலைகளுக்கும் பாலைகளுக்கும் பரவின.

அன்னாசி மட்டும் மனிதர் கையால் பரவியது. பழங்குடி மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டுவந்த அதைக் கொலம்பஸின் ஆட்கள் 1493இல் குவாதலூப் தீவில் கண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, டூப்பி பழங்குடியினர் வழங்கிய பெயரும் கூடவே வந்து தமிழில் அன்னாசி ஆயிற்று.

பெரும்பாலான செடிகள் வேரால் நீரும் சத்தும் எடுக்கின்றன. புரோமிலியாடுகளில் பாதிக்கு மேற்பட்டவை மரத்திலும் பாறையிலும் ஒட்டி வாழும் தொற்றுத்தாவரங்கள். அவற்றில் பலவற்றுக்கு வேர் வெறும் பிடிமானம். வேரின் வேலையை இலை எடுத்துக்கொண்டது. வளர்ப்பில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த ஓர் உண்மையை மறப்பதால் வருவது. ஆகவே இலையை முதலில் விரிவாகப் பார்க்க வேண்டும்.

இலையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உள்ளன. டில்லான்சியா பேரினத்தில் இவை உச்சநிலையை எட்டியவை. ஒரு செதிலின் நடுவில் 4 செல்கள், அவற்றைச் சுற்றி 8, அதற்கு வெளியே 16 என வளையங்கள் அமைந்து, அதற்கும் அப்பால் மெல்லிய சிறகுபோன்ற விளிம்பு விரிகிறது. இந்தச் செல்கள் எல்லாம் இறந்தவை. அடியிலுள்ள குட்டையான காம்பில் மட்டும் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. மழைத்துளி பட்டதும் இறந்த செல்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. நீர் காம்பு வழியாக இலைக்குள் இறங்குகிறது. காய்ந்ததும் அதே செல்கள் சுருங்கி, மடக்கிய குடையாகக் காம்பின் மேல் படிந்து வழியை அடைத்துவிடுகின்றன. நீர் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. 1904இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் மெஸ் இந்த ஒருவழிப் பாதையின் இயக்கத்தை விளக்கினார். காய்ந்திருக்கையில் வெள்ளியாக மின்னும் டில்லான்சியா நனைந்தவுடன் பச்சையாக மாறுவதற்குக் காரணம் இதுவே. செதில்களுக்குள் இருந்த காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ள, அடியிலுள்ள பச்சையம் தெரிகிறது. செடி நீர் குடித்ததா என்பதை இந்த நிறமாற்றமே வளர்ப்பவருக்குச் சொல்லிவிடும்.

இதே அமைப்பு ஒரு வரம்பையும் விதிக்கிறது. செதில்கள் நனைந்திருக்கும்வரை இலைத்துளைகள் நீர்ப்படலத்தால் மூடப்பட்டிருக்கும். செடியால் காற்றைப் பரிமாற முடியாது. மேலும், வறண்ட இடத்து டில்லான்சியாக்கள் கள்ளியைப் போல இரவில்தான் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிவைத்து அதைக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்கின்றன. இரவு முழுவதும் ஈரமாக இருந்தால் அவை பட்டினி கிடக்கும். அது தொடர்ந்தால் நடுக்குருத்து அழுகும். காலையில் நீர் காட்டி, நான்கு மணி நேரத்துக்குள் உலரவிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இலையின் இன்னொரு உத்தி தொட்டி. அடியில் அகன்ற இலைகள் ஒன்றையொன்று தழுவி நீர் தேங்கும் குழிகளை உண்டாக்குகின்றன. மழைநீரோடு உதிர்ந்த இலை, பூச்சிகளின் உடல், பறவை எச்சம் எல்லாம் அதில் விழுந்து மட்கும். இலையடியிலுள்ள செதில்கள் அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். கோஸ்டாரிகாவைச் சேர்ந்த குளோடோமிரோ பிகாடோ 1913இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நீர்க்குழிகளைத் தனி உயிர்ச்சூழலாக எடுத்துக்கொண்டு அவற்றில் வாழும் உயிர்களைப் பட்டியலிட்டார். தவளைகள், தட்டான் இளவுயிரிகள், புழுக்கள், நீர்வண்டுகள் என அப்பட்டியல் நீள்கிறது. ஜமைக்காவில் ஒரு நண்டு இந்த நீர்க்குழியிலேயே குஞ்சு வளர்க்கிறது. தாய் நண்டு குழியிலிருந்து மட்கும் இலைகளை அகற்றி நீரில் ஆக்சிஜனைக் காக்கிறது. நத்தை ஓடுகளைக் கொண்டுவந்து போட்டு, குஞ்சுகளின் ஓடு வளரத் தேவையான சுண்ணாம்புச் சத்தையும் சேர்க்கிறது. கயானா மேட்டுநிலத்தின் புரோக்கினியா ரெடக்டா இன்னும் ஒரு படி போயிருக்கிறது. நிமிர்ந்த மஞ்சள் குழாயாக நிற்கும் அதன் இலைகளின் உட்புறத்தில் வழுக்கும் மெழுகுத்தூள். உள்ளே அமிலத்தன்மையுள்ள நீர். இறங்கிய எறும்பு ஏற முடியாது. அது பூச்சியுண்ணும் செடி.

இந்தத் தொட்டிகளால் ஒரு தீவு முழுவதும் காய்ச்சலில் கிடந்த வரலாறும் உண்டு. டிரினிடாடில் கொக்கோ தோட்டங்களுக்கு நிழல் தர எரித்ரினா மரங்களை நட்டிருந்தார்கள். நம் ஊர்க் கல்யாண முருங்கையின் பேரினம் அது. அந்த மரங்களின் கிளைகளில் புரோமிலியாடுகள் கூட்டம் கூட்டமாகத் தொற்றின. அவற்றின் நீரில் அனாபிலிஸ் பெல்லேட்டர் என்ற கொசு பெருகி மலேரியாவைப் பரப்பியது. தரையில் சாக்கடைகளைத் தூர்த்தும் பயனில்லை. கொசு வளர்ந்தது மரத்தின் மேல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இதை ஆராய அனுப்பப்பட்டவர், பிற்காலத்தில் உயிரியல் கடிகார ஆய்வின் முன்னோடியாகப் புகழ்பெற்ற கோலின் பிட்டென்டிரிக். மரங்களின் மேல் காப்பர் சல்பேட் கரைசலைத் தெளித்தபோது புரோமிலியாடுகள் செத்தன, மரங்கள் பிழைத்தன. தாமிரத்தை இலைச்செதில்கள் அப்படியே உள்ளே வாங்கிவிடுகின்றன என்பதே காரணம்.

டிரினிடாட் அனுபவத்திலிருந்து வளர்ப்பவருக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, தாமிரம் இச்செடிகளுக்கு நஞ்சு. மற்ற தோட்டச் செடிகளுக்குக் கைகொடுக்கும் போர்டோ கலவையையும் காப்பர் ஆக்சிகுளோரைடையும் இவற்றின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தாமிரக் கம்பியால் கட்டுவதும் தவறு. இரண்டாவது, ஒளி. எந்தச் சிற்றினம் மரத்தின் எந்த உயரத்தில் வாழ்கிறது என்பதைப் பிட்டென்டிரிக் வகைப்படுத்திக் காட்டினார். உச்சிக் கிளையில் முழு வெயிலில் நிற்பவை ஒருபுறம், அடர்ந்த நிழலில் நிற்பவை மறுபுறம். ஒரே மரத்தில் வாழும் இரு செடிகளுக்குக்கூட ஒரே ஒளி பொருந்தாது. இதற்குப் பொதுவான கைக்கணக்கு ஒன்று உண்டு. இலை விறைப்பாகவோ சாம்பல் பூத்தோ முள்ளோடோ இருந்தால் வெயில் அதிகம் தாங்கும். மென்மையாகவும் முள்ளின்றியும் கரும்பச்சையாகவும் இருந்தால் நிழல் வேண்டும். டில்லான்சியா, டிக்கியா முதல் வகை. கஸ்மானியா இரண்டாம் வகை. வெயில் கடுமையான சமவெளி ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு 50 சதவீத நிழல்வலை பொருந்தும். கஸ்மானியாவுக்கு அதைவிடக் கூடுதல் நிழலும் குளுமையும் வேண்டும்.

அடையாளம் காண்பதைப் பொறுத்தவரை, பூவில்லாத செடியைப் பார்த்து உறுதியாகப் பெயர் சொல்பவரை நம்பாமல் இருப்பதே நல்லது. ஆனாலும் பேரினம் வரை செல்லப் பல குறிப்புகள் உதவும். முதலில் இலை விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். முள்ளே இல்லாமல் வழவழவென்றிருந்தால் பெரும்பாலும் அது டில்லான்சியா துணைக்குடும்பம். அதன் கனி காய்ந்து வெடிக்கும், விதைகளில் பட்டிழைக் குஞ்சம் இருக்கும், காற்றில் பறந்து மரப்பட்டையில் ஒட்டும். விளிம்பில் முள்ளும், பூவின் அடியில் சூற்பையும், சதைக்கனியும் இருந்தால் புரோமிலியா துணைக்குடும்பம். அன்னாசி இதைச் சேர்ந்தது. இவ்விரண்டிலும் சேராமல், காய்ந்து வெடிக்கும் கனியும் குஞ்சமில்லாத விதையும் கொண்டு, பெரும்பாலும் தரையில் வளர்பவற்றையெல்லாம் முன்பு பிட்கேர்னியா துணைக்குடும்பம் என்று ஒன்றாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு அதை உடைத்துவிட்டது. இப்போது மொத்தம் எட்டுத் துணைக்குடும்பங்கள். சேகரிப்பவரின் அன்றாடப் பயனுக்குப் பழைய மூன்று பிரிவே இன்னும் வசதியானது.

அடுத்த படி பூ. மூன்று புல்லிகள், மூன்று அல்லிகள், ஆறு மகரந்தத்தாள்கள் என்பது குடும்பம் முழுவதற்கும் பொது. வண்ணம் காட்டி மாதக்கணக்கில் நிற்பது பூவன்று, பூவடிச் செதில். உண்மையான பூ ஓரிரு நாளில் வாடிவிடும். இந்தச் செதில்கள் வாள்போலத் தட்டையாக இருபக்கமும் அடுக்கியிருந்தால் வ்ரீசியாவாக இருக்கலாம். தண்டைச் சுற்றி எல்லாத் திசையிலும் நட்சத்திரமாக விரிந்தால் கஸ்மானியா. வ்ரீசியாவுக்கும் டில்லான்சியாவுக்கும் ஐயம் வந்தால் அல்லியைப் பிரித்து உட்புற அடியைக் கைக்கண்ணாடியால் பார்ப்பது பழைய முறை: இரண்டு சிறு நாக்குகள் இருந்தால் வ்ரீசியா, இல்லையேல் டில்லான்சியா. இந்த ஒரு பண்பை மட்டும் நம்பியதால் நேர்ந்த குழப்பங்களை இன்று மரபணு ஆய்வுகள் திருத்திவருகின்றன.

முள் விளிம்புள்ள தொட்டிச் செடிகளில் நான்கு பேரினங்கள் அடிக்கடி கண்ணில் படும். பூங்கொத்து எழும்பாமல் தொட்டி நீருக்குள்ளேயே அமிழ்ந்து, நீலமோ வெள்ளையோ ஆன சிறு பூக்களைத் தலைகாட்ட விடுவது நியோரெஜெலியா; பூக்கும் காலத்தில் அதன் நடு இலைகள் சிவந்துவிடும். அதைப் போலவே தோன்றி, நடுவில் சற்று மேலெழுந்த வண்ணச் செதில்களின் அடுக்குக்குள் பூக்கள் ஒளிந்திருந்தால் நிடுலேரியம். சில இலைகளே கொண்டு உயரமான குழாயாக நின்று, இளஞ்சிவப்புச் செதில்களோடு பூங்கொத்தைத் தொங்கவிடுவது பில்பெர்கியா. அதன் அழகு ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும். நான்காவது ஈக்மியா, வடிவத்தில் மிகப் பரந்த பேரினம் என்பதால் இதில் பெயர் சொல்வது கடினம். நர்சரிகளில் அதிகம் விற்கும் ஈக்மியா ஃபேசியாட்டாவை மட்டும் வெள்ளிப் பட்டை போட்ட இலையாலும் இளஞ்சிவப்புப் பூங்கொத்தாலும் எவரும் அறியலாம். தொட்டியே இல்லாமல், அலையலையான இலைகளைத் தரையில் நட்சத்திரமாகப் பரப்புவது கிழக்கு பிரேசிலின் கிரிப்டாந்தஸ்.

டிக்கியாவையும் ஹெக்டியாவையும் பிரித்தறிவது ஒரு நல்ல பயிற்சி. இரண்டும் கடுமையான முள் கொண்ட, சதைப்பற்றுள்ள, வறண்ட நிலச் செடிகள். பூவில்லாதபோது தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். பூத்துவிட்டால் ஐயமில்லை. டிக்கியாவின் பூக்கள் மஞ்சளோ ஆரஞ்சோ. ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கும். ஹெக்டியாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கள் பெரும்பாலும் வெண்மை. முன்னது தென் அமெரிக்காவினது, பின்னது மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சார்ந்தது. உருவம் ஒத்திருந்தாலும் இவை வெவ்வேறு துணைக்குடும்பங்கள். வறட்சி இரண்டு வெவ்வேறு வழிகளில் ஒரே வடிவத்தை உண்டாக்கியிருக்கிறது. தேடி வாங்கிய செடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற ஒரு வரிக் குறிப்பு இருந்திருந்தால், பூக்கும்வரை பல ஆண்டு காத்திருக்காமலே விடை தெரிந்திருக்கும்.

பெயர்கள் மாறுவது சேகரிப்பவர்களுக்குப் பெரிய தொல்லை. 2016இல் வெளியான மரபணு அடிப்படையிலான மறுவகைப்பாட்டில் பல பழகிய பெயர்கள் போயின. இலையில் குறுக்குப் பட்டைகளும் வாள்போன்ற சிவப்பு மஞ்சரியும் கொண்ட வ்ரீசியா ஸ்ப்ளென்டென்ஸ் இப்போது லூத்தேரியா ஸ்ப்ளென்டென்ஸ். புளோரிடாவின் செல்பி தாவரத் தோட்டத்தில் நெடுங்காலம் புரோமிலியாடு அடையாள மையத்தை நடத்திய ஹாரி லூதரின் நினைவாக வைத்த பெயர் அது. இளஞ்சிவப்பு விசிறியில் ஊதாப் பூ விரிக்கும் டில்லான்சியா சயானியா, வாலிசியா சயானியா ஆகிவிட்டது. நர்சரிகள் பழைய பெயரிலேயே விற்கின்றன. சீட்டில் இரண்டையும் எழுதிவைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

வளர்ப்பில் மண்ணைப் பற்றிய பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும்: தோட்ட மண் கூடாது. அழுத்தி நிறைத்த செம்மண்ணில் தொட்டிச் செடியின் வேர் காற்றில்லாமல் அழுகும். தேங்காய் மட்டைத் துண்டுகளும் அடுப்புக்கரித் துண்டுகளும் கலந்த தளர்வான கலவை போதும். மட்டையில் உப்பு இருக்கும் என்பதால் சிலமுறை ஊறவைத்துக் கழுவ வேண்டும். நார்க்கழிவுத் தூள் நீரை அதிகம் பிடித்துவைக்கும், தனியே பயன்படாது. தரையில் வளரும் கிரிப்டாந்தஸுக்கு மட்டும் ஈரம் காக்கும் மட்கு கலந்த மண் தேவை. டிக்கியாவுக்கு மணலும் சரளையும். டில்லான்சியாவுக்கு எதுவுமே வேண்டாம். ஏர் பிளாண்ட் என்ற பெயரில் விற்கும் அவற்றை மரக்கட்டையிலோ கம்பிவலையிலோ கட்டித் தொங்கவிடலாம். வேர் நீருக்காக அலைவதில்லை என்பதற்கு ஸ்பானிஷ் மாஸ் என்ற டில்லான்சியா அஸ்னியாய்டஸ் சான்று. வளர்ந்த செடியில் வேரே கிடையாது. பாசியும் இல்லை, ஸ்பெயின் நாட்டதும் இல்லை. இழை இழையாகத் தொங்கும் பூக்கும் தாவரம்.

நீரில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். இலை நேரடியாக உறிஞ்சுவதால் நீரிலுள்ள உப்பும் இலையிலேயே தங்கிவிடும். கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் இலை நுனி கருகும், தொட்டியின் ஓரத்தில் வெள்ளைப் படிவு சேரும். மழைநீர் மிகச் சிறந்தது. அதைப் பிடித்துவைக்க ஒரு டிரம் வைப்பது, விலையுயர்ந்த உரம் வாங்குவதைவிடப் பயன்தரும். உரம் மிகக் குறைவாகவே போதும். நியோரெஜெலியாவுக்குத் தழைச்சத்து கூடினால் சிவப்பு மறைந்து இலை பச்சையாக நீண்டுவிடும். ஒளி கூடி உணவு குறைந்தால்தான் நிறம் ஏறும்.

தொட்டியில் நீர் தேங்குவதால் கொசு பற்றிய அச்சம் இயல்பானது, டெங்கு பரவும் ஊர்களில் நியாயமானதும்கூட. முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை குழாயால் வேகமாகப் பீய்ச்சித் தொட்டி நீரை முழுவதும் மாற்றிவிட்டால் சுழற்சி அறுபடும். அது முடியாதவர்கள் கொசுப்புழுவை மட்டும் கொல்லும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் மருந்தைப் போடலாம். மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் போன்றவற்றை ஊற்றினால் செடி செத்துவிடும். செதில் பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் எண்ணெய் கலந்த மருந்து தெளிப்பதும் டில்லான்சியாவின் இலைச்செதில்களை அடைத்து மூச்சு முட்டச் செய்யும். சிறு தாக்குதலைப் பஞ்சில் தொட்ட ஆல்கஹாலால் துடைத்தே போக்கலாம்.

இலை வட்டம் ஒவ்வொன்றும் பெரும்பாலான சிற்றினங்களில் ஒரே ஒருமுறை பூக்கும். அதன் நடுக்குருத்தே மஞ்சரியாக முடிந்துவிடுவதால் அதற்கு மேல் புது இலை வர வழியில்லை. பூத்தபின் தாய்ச்செடி ஓரிரு ஆண்டுகளில் மெல்லக் காய்ந்துபோகும். அதற்குள் பக்கத்தில் கன்றுகள் வந்திருக்கும். இதன் உச்ச எடுத்துக்காட்டு, பெருவிலும் பொலிவியாவிலும் வளரும் பூயா ரைமோண்டி. அது 80 முதல் 100 ஆண்டு வரை வளர்ந்து, சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு ஆயிரக்கணக்கான பூக்களோடு ஒரு தூணை எழுப்பி, விதை உதிர்த்துச் செத்துவிடும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் ஒரு செடி 1986இல், 28 ஆண்டிலேயே பூத்தது. டிக்கியா இதற்கு விலக்கு. பக்கவாட்டில் பூத்தண்டு விடுவதால் ஆண்டுதோறும் பூத்தும் வாழும்.

கன்றை அவசரப்பட்டுப் பிரிப்பது புதியவர்கள் செய்யும் பிழை. தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வளரும்வரை விட்டுவைக்க வேண்டும். பாதி உயரம் என்றால் இன்னும் நல்லது. கூரிய கத்தியால் தாய்த்தண்டை ஒட்டி அறுத்து, வெட்டுவாய் ஒரு நாள் உலர்ந்தபின் நட வேண்டும். செடி ஆடினால் வேர் பிடிக்காது. குச்சி வைத்துக் கட்டுவது அவசியம்.

முதிர்ந்தும் பூக்காத செடியைப் பூக்கவைக்க எத்திலீன் வாயு உதவுகிறது. அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் குடிலில் அன்னாசி வளர்த்தவர்கள், புகை போட்டால் செடிகள் ஒன்றாகப் பூப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார்கள். புகையிலுள்ள எத்திலீன்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. இன்று அன்னாசி விவசாயிகள் எத்திஃபான் கரைசலைக் குருத்தில் ஊற்றுவது இதே விளைவுக்காக. வீட்டில் தொட்டி நீரைக் கவிழ்த்துவிட்டு, பழுத்த ஆப்பிள் ஒன்றோடு செடியைப் பாலிதீன் பையில் வாரம் பத்து நாள் மூடிவைத்தால் போதும். சில வாரங்கள் முதல் மூன்று மாதத்துக்குள் மஞ்சரி தலைகாட்டும். இளஞ்செடியிடம் இது பலிக்காது.

விதையிலிருந்து வளர்ப்பது பொறுமை கோரும் வேலை. டில்லான்சியா பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். சதைக்கனி விதைகளைப் பழுத்ததும் கழுவி உடனே விதைக்க வேண்டும், வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். தோட்டத்தில் பல சிற்றினங்கள் அருகருகே பூக்கும்போது தேனீயும் தேன்சிட்டும் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்படிக் கிடைத்த நாற்றுக்குத் தாயின் பெயரைச் சூட்டினால் அந்தப் பொய் கன்றுகள் வழியாக ஊர் ஊராகப் பரவும். கன்று தாயின் நேர்ப் படி; விதைநாற்றுக்கு அந்த உறுதி இல்லை.

சேகரிப்பு ஒரு பொழுதுபோக்காக 19ஆம் நூற்றாண்டின் பெல்ஜியத்தில் வேரூன்றியது. லியேஜ் நகரின் எட்வார்ட் மோரன் இக்குடும்பத்தைத் தன் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டிருந்தார். 20ஆம் நூற்றாண்டில் புளோரிடாவின் மல்ஃபோர்ட் ஃபாஸ்டர், மனைவி ரேசினோடு பிரேசில் காடுகளில் அலைந்து பல புதிய சிற்றினங்களைக் கொண்டுவந்தார். 1950இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய புரோமிலியாடு சங்கத்துக்கு அவரே முதல் தலைவர். இப்படி வந்த செடிகளுக்கு அறிவியல் இடம் தந்தவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் லைமன் ஸ்மித். ராபர்ட் டவுன்ஸோடு சேர்ந்து அவர் 1974 முதல் 1979 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட பெருநூல்தான் இன்றும் அடையாளம் காண்பதற்கான அடித்தளம். பிரேசிலின் நிலவடிவமைப்பாளர் ரொபெர்ட்டோ பூர்லே மார்க்ஸ் காட்டுச் செடிகளாக ஒதுக்கப்பட்டிருந்தவற்றைப் பொதுத்தோட்டங்களின் நடுவில் நட்டார். ரியோ டி ஜெனிரோவில் அவர் சேகரித்து வளர்த்த தோட்டம் 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

இந்த வரிசையில் தொழில்முறைத் தாவரவியலாளரும் ஆர்வலரும் கலந்தே இருக்கிறார்கள். ஆர்வலரின் செடி அறிவியலுக்குப் பயன்பட்டது, அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு கூடவே இருந்ததால்தான். நியோரெஜெலியா 'ஃபயர்பால்' என்ற சிறு சிவப்புச் செடி உலகெங்கும் பரவிவிட்டது; எண்ணற்ற கலப்பினங்களுக்குப் பெற்றோராகவும் இருக்கிறது. பிரேசிலில் எந்தக் காட்டில் அது இருந்தது என்ற குறிப்பு தொலைந்ததால் இன்றுவரை வணிகப் பெயரோடே நிற்கிறது. சீட்டில்லாத அரிய செடியைவிட, இடமும் ஆண்டும் தந்தவர் பெயரும் எழுதிய சாதாரணச் செடி மேல். மை வெயிலில் அழியும். பென்சிலால் பிளாஸ்டிக் சீட்டிலோ, அலுமினியத் தகட்டில் கீறியோ எழுத வேண்டும். அதே விவரத்தை நோட்டிலும் பதிய வேண்டும். தோட்டத்தில் உருவான வகைப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுவது மரபு. அவற்றுக்குச் சங்கம் தனிப் பதிவேடு வைத்திருக்கிறது.

காட்டிலிருந்து பிடுங்கிய செடியை வாங்குவது இந்தப் பொழுதுபோக்கின் இருண்ட பக்கம். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் டில்லான்சியா ஜெரோகிராஃபிகா, அளவுக்கு மீறிப் பறிக்கப்பட்டதால் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாற்றங்காலில் வளர்த்தது என்ற சான்றோடு வருவதையே வாங்க வேண்டும். இந்தியாவுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. அஞ்சலில் சட்டைக்குள் சுற்றி அனுப்பச் சொல்வது குற்றம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அந்த ஆபத்து எப்படிப்பட்டது என்பதைப் புளோரிடா கண்டது. மெக்சிகோவிலிருந்து வணிகத்துக்காக வந்த புரோமிலியாடுகளோடு மெட்டாமேசியஸ் காலிசோனா என்ற கூன்வண்டு உள்ளே நுழைந்தது. 1989இல் அதைக் கண்டறிந்தார்கள். அதன் புழு செடியின் நடுத்தண்டைக் குடைந்து தின்னும். குருத்து கையோடு வந்துவிடும். அங்கே இயற்கையாக வளரும் டில்லான்சியா யுட்ரிகுலேட்டா கன்று விடாமல், பல ஆண்டு வளர்ந்து ஒருமுறை பூத்து விதையால் மட்டுமே பெருகும் செடி. பூப்பதற்கு முன்பே பெரிய செடிகளை வண்டு கொன்றுவிடுவதால் விதை விழுவதே நின்றது. ஒருகாலத்தில் எங்கும் காணப்பட்ட அது புளோரிடா மாநிலத்தின் அருகிவரும் தாவரப் பட்டியலில் சேர்ந்தது. ஹோண்டுராஸிலிருந்து வண்டின் இயற்கை எதிரியான ஓர் ஈயைக் கொண்டுவந்து 2007 முதல் விட்டுப்பார்த்தார்கள், வண்டு ஒழியவில்லை. புதிதாக வாங்கிய எந்தச் செடியையும், அது அடுத்த தெரு நர்சரியிலிருந்தே வந்திருந்தாலும், ஒரு மாதம் மற்றவற்றிலிருந்து தள்ளிவைத்து, குருத்தையும் இலையடியையும் வாரம் ஒருமுறை பார்த்த பிறகே தொகுப்பில் சேர்க்க வேண்டும்.